ஹார்மோன் சிகிச்சையும் மூக்கும்: எதற்காக எதைத் தேர்வது?

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உடல் திடீரெனச் சூடேறுதல், இரவு வியர்வை, தூக்கக் குலைவு ஆகியவற்றோடு மூக்கு வறட்சியோ மூக்கடைப்போ சேர்ந்து வரும்போது, ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கினால் மூக்கும் சேர்ந்து சரியாகுமா, அல்லது இருக்கிற அடைப்பு இன்னும் கூடிவிடுமா என்ற கேள்வி எழுகிறது. கருத்தடை மாத்திரை எடுக்கும் இளம் பெண்களிடமும் இதே கேள்வி வேறு வடிவில் இருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் மருந்தகம் ஒன்றில் மருந்தாளராகப் பணிபுரியும் நான், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வரும் பெண்கள் இக்கேள்வியை நேராகக் கேட்பதைவிட, சுற்றி வளைத்துக் கேட்பதையே அதிகம் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூக்குக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவது சரியன்று, மூக்கு அடைக்கிறது என்பதற்காக அதை அவசரப்பட்டு நிறுத்துவதும் பெரும்பாலும் சரியன்று. ஆயினும், வேறு காரணத்துக்காக ஹார்மோனைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர், ஒவ்வொரு தெரிவும் மூக்கை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அறிந்திருப்பது பயனுள்ளது.

மூக்கின் உட்சவ்வில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டரோன் ஆகிய இரு பெண் ஹார்மோன்களுக்கும் ஏற்பிகள், அதாவது அவை வந்து பொருந்தி வேலை செய்யும் இடங்கள், உள்ளன. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அச்சவ்விலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, சுரப்பிகள் கூடுதலாக நீர் சுரக்கின்றன, சவ்வு தடித்து ஈரமாகிறது. இவ்விரு ஹார்மோன்களும் மூக்குச் சவ்வின் உயிரணுக்களில் ஹிஸ்டமின் ஏற்பிகளைப் பெருக்குகின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஹிஸ்டமின் என்பது ஒவ்வாமையில் தும்மலையும் நீரொழுக்கையும் கிளப்பும் பொருள் என்பதால், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாதச் சுழற்சியின் சில நாட்களில் மூக்கு அதிகம் தொந்தரவு தருவதற்கு இது ஒரு விளக்கமாகிறது. இதன் உச்ச வடிவம் கர்ப்பகால மூக்கடைப்பு. சளியோ ஒவ்வாமையோ இல்லாமலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இது வருகிறது; பிரசவமாகி இரண்டு வாரங்களுக்குள் முற்றிலும் மறைந்துவிடுகிறது.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. சவ்வு மெலிகிறது, சுரப்பு குறைகிறது, உள்ளே பொருக்கு கட்டுகிறது, தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களின் வேகம் மட்டுப்படுகிறது. இந்த வேகத்தை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு: சாக்கரின் துணுக்கு ஒன்றை மூக்கின் முன்பகுதியில் வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்பு தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் நுண்மயிர்கள் சோம்பிவிட்டன என்று பொருள். மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து நடந்த சில சிறிய ஆய்வுகளில், ஹார்மோன் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் இந்த நேரம் குறைந்திருக்கிறது. மூக்குக்கு ஹார்மோன் நல்லது என்று சொல்பவர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இத்தகைய ஆய்வுகளையே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்துபோன மூக்கிலும், காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தாலும், அடைத்திருப்பதைப் போன்ற உணர்வே ஏற்படுகிறது. காற்றின் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் மெலிந்த சவ்வில் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே “மூக்கு அடைக்கிறது” என்று ஐம்பது வயதுப் பெண் சொல்லும்போது, அது வீங்கி அடைத்த மூக்கா, வறண்டு அடைத்தது போலிருக்கும் மூக்கா என்று தெரியாமல் எந்த மருந்தையும் ஒப்பிட முடியாது. முன்னதற்கு உதவும் மருந்து பின்னதைக் கெடுக்கும். கிளினிக்கில் விளக்கடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: ஒவ்வாமை மூக்கில் சவ்வு வெளிறி உப்பி நீர் கோத்திருக்கும், வறண்ட மூக்கில் அது மெலிந்து பளபளத்து, ஆங்காங்கே பொருக்கும் சில சமயம் இரத்தக் கீறலும் இருக்கும்.

எல்லாவற்றையும் ஹார்மோன் மேல் போடுவதற்கு முன் ஊரையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் மூக்கு ஒவ்வாமைக்கு முதல் காரணம் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் குறையாத நாட்டில் பழைய பஞ்சுத் தலையணையும் மெத்தையும் அவற்றுக்கு நல்ல இருப்பிடம். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடி, செம்பனைக்குப் போடும் உரத்தின் தூசி, களைக்கொல்லித் தெளிப்பு, பூசையறையில் கதவைச் சாத்திக்கொண்டு போடும் சாம்பிராணி எல்லாம் இதில் சேரும். 2015-இலும் 2019-இலும் வந்ததைப் போன்ற கடும் புகைமூட்டக் காலத்தில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிவிட்டால், எந்த ஹார்மோனும் எடுக்காதவருக்கும் மூக்கு எரியத்தான் செய்யும்.

எங்கள் கடையில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் அக்கா ஒருவர் வந்து, “தங்கச்சி, ஈப்போ டாக்டர் குடுத்த ஹார்மோன் மாத்திரை போட்டதுல இருந்து மூக்கு ஒரே அடைப்பு, அதை நிறுத்திடலாமா?” என்று கேட்டார். கைப்பையைத் திறந்து, தீரப்போகிற இலியாடின் மூக்கு மருந்துக் குப்பியை எடுத்து முகப்பில் வைத்து, இன்னொன்று வேண்டுமென்றார். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்றதற்கு, தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றார். அப்போது தைப்பூசம் முடிந்திருந்தது. அந்தக் குப்பியிலுள்ள ஆக்ஸிமெட்டசோலின் போன்ற மருந்துகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சில நிமிடங்களில் சுருக்கி உடனடி ஆறுதல் தருபவை. ஆனால் மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்கின்றன, மறுபடியும் அதே குப்பியைத் தேட வைக்கின்றன. அந்த அக்காவின் ஹார்மோன் மாத்திரைக்கும் அடைப்புக்கும் பெரிய தொடர்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. குப்பியை நிறுத்தி, மருத்துவரைக் கலந்து ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் ஒன்றைத் தொடங்கிய பின் மூக்கு திறந்துகொண்டது; ஹார்மோன் மாத்திரை தொடர்ந்தது.

இனித் தெரிவுகளுக்கு வருவோம். முதல் தெரிவு, ஹார்மோனைத் தொடாமல் மூக்குக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது. சூடேறுதலும் வியர்வையும் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்து, மூக்குதான் முதன்மைத் தொல்லை என்றால், எனக்கு இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மனம் வராது. வறண்ட மூக்குக்கு உப்புநீரே அடிப்படை. ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேராத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, வெதுவெதுப்பானதும் கழுவலாம். மருந்தகத்தில் கிடைக்கும் தயார்நிலைத் தெளிப்பானும் போதும். ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருந்தே ஆக வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்திய இருவர் 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் புழங்கும் தோட்டப்புறங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

நம் வீடுகளில் மூக்கு காய்ந்தால் நல்லெண்ணெயை விரலில் தொட்டு உள்ளே தடவும் பழக்கம் இருக்கிறது. இது வெறும் பாட்டி வைத்தியமன்று. 2001-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று, வறண்ட மூக்குக்குத் தூய நல்லெண்ணெயையும் உப்புநீரையும் ஒப்பிட்டு, நல்லெண்ணெய் மேலானதென்று கண்டது. எனினும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு மல்லாந்து படுப்பது வேறு விஷயம். அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கலாம், வயதானவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மூக்கின் வாயிற்பகுதியில் மெல்லிய பூச்சாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீங்கி அடைக்கும் மூக்குக்கு, குறிப்பாக ஒவ்வாமை இருந்தால், மொமெட்டசோன், புடெசோனைட், ஃபுளுட்டிக்கசோன் போன்ற ஸ்டீராய்டு தெளிப்பான்களே சிறந்தவை. ஹார்மோன் மாத்திரையுடன் இவற்றுக்கு எந்தச் சண்டையும் இல்லை. இவற்றைத் தவறாக அடிப்பவர்களே அதிகம்: தலையை அண்ணாந்து, நேராக நடுச்சுவரை நோக்கி அடித்தால் மருந்து தொண்டையில் கசக்கும், நடுச்சுவர் புண்ணாகி இரத்தம் வரும். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடக்கையாலும் இடது மூக்குக்கு வலக்கையாலும் பிடித்து, முனையைக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். உறிஞ்சி இழுக்கக் கூடாது. முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகலாம் என்பதால், இரண்டாம் நாளே பயனில்லை என்று தூக்கிப் போடுவது வீண். தும்மலும் நீரொழுக்கும் இருந்தால் லோரட்டடின், செட்டிரிசின் துணை செய்யும். வறண்ட மூக்குக்கு மட்டும் பிரிட்டோன் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகளை எடுக்க வேண்டாம். அவை தூக்கத்தோடு வறட்சியையும் கூட்டுகின்றன. ஒரு வெள்ளி கட்டணத்தில் அரசு சுகாதார கிளினிக்கில் மூக்கைக் காட்டிவிட முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், இந்தத் தெரிவின் எளிமை விளங்கும்.

இரண்டாவது, வாய்வழி ஹார்மோன் மாற்று மாத்திரை. சூடேறுதலும் இரவு வியர்வையும் வாழ்க்கையைக் குலைக்கும்போது இதைவிட வலுவான மருந்து இல்லை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்டரோன் வகை மருந்தும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையேல் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் ஆபத்து கூடும். கருப்பை அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மூக்கைப் பொறுத்தவரை, வறட்சி உள்ளவருக்கு இது நன்மையின் பக்கமே சாய்கிறது: சவ்வு ஈரமாகிறது, பொருக்கு குறைகிறது. கர்ப்பிணிகளுக்கு வருவதைப் போன்ற அடைப்பு வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்பத்தின் இறுதியில் இரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் அளவு, இம்மாத்திரை தருவதைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் ஒவ்வாமை மூக்கும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பல்லாயிரம் பெண் தாதியரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வும், பிரான்ஸில் நடந்த பெரிய ஆய்வும், மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் புதிதாக ஆஸ்துமா தோன்றுவது கூடுதலாக இருந்ததாகக் காட்டின. பின்னர் பிரிட்டனில் வந்த ஆய்வு எதிர்ப்பக்கம் பேசியது. என் கணிப்பில், இது ஹார்மோனை மறுக்கப் போதுமான காரணமன்று. மூக்கையும் நெஞ்சையும் முதலில் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு ஹார்மோனைத் தொடங்கப் போதுமான காரணம்.

மாத்திரையின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. 2002-இல் நிறுத்தப்பட்ட அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில், 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டின் என்ற புரோஜெஸ்ட்டரோன் வகை மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை சோதிக்கப்பட்டது. ஓராண்டில் 10,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரலில் இரத்தக் கட்டு 8 பேருக்கும் கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குகிறவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு இதைவிடச் சாதகமானது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. எப்படிப் பார்த்தாலும், மூக்கு ஈரமாவதற்காக ஏற்கத்தக்க விலையல்ல இது. தூக்கமின்றித் தவிப்பவர் தம் மருத்துவரோடு பேசி ஏற்கலாம்.

மூன்றாவது, தோல்வழி ஈஸ்ட்ரோஜன்: ஒட்டும் பட்டையும் பூசும் ஜெல்லும். வயிற்றிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகாமல் தோலிலிருந்து இரத்தத்தில் கலப்பதால், இரத்த உறைவுக் காரணிகள் மாத்திரையால் தூண்டப்படுவதைப் போலத் தூண்டப்படுவதில்லை. வழக்கமான அளவில் இரத்தக் கட்டு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. எடை கூடியவர், இரத்தக் கட்டு பற்றிய அச்சம் உள்ளவர், ஒற்றைத் தலைவலிக்காரர் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதையே முதலில் நினைக்கிறார்கள். மூக்குக்கு இதன் பயனும் மாத்திரையின் பயனும் ஒரே திசையில்தான். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் போதும், அது எந்த வழியாக வந்தது என்று மூக்குச் சவ்வு கேட்பதில்லை. கருப்பை உள்ளவர் புரோஜெஸ்ட்டரோனைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பட்டை மட்டும் போதுமென்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் நிலைமையில் பட்டைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. விடியுமுன் நெற்றி விளக்குடன் ரப்பர்ப் பால் வெட்டக் கிளம்பி, பத்து மணிக்குள் உடம்பெல்லாம் நனைந்துவிடும் ஒருவருக்கு, இடுப்புக்குக் கீழே ஒட்டிய பட்டையின் ஓரம் சுருண்டுவிடும். இப்படிப்பட்டவருக்கு ஜெல் பொருத்தமானது: வேலை முடிந்து குளித்த பின் பூசி, காய்ந்த பிறகு உடுத்திக்கொள்ளலாம். பூசிய இடம் காயும் வரை பேரக்குழந்தைகளைத் தூக்கி அணைக்கக் கூடாது. மருந்து அவர்கள் தோலிலும் ஏறும். பக்கவிளைவுகளின் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், மாத்திரைக்கும் தோல்வழி மருந்துக்கும் இடையே நான் பின்னதன் பக்கம் நிற்பேன். ஆனால் அதன் காரணம் இரத்தக் கட்டு, மூக்கன்று.

டிபோலோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டரோன், ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் ஆகிய மூன்றின் தன்மைகளையும் ஓரளவு கொண்ட மருந்து அது. வயது கூடிய பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பக்கவாதத்தைக் கூட்டியது. மூக்கைக் காரணம் காட்டி அதைத் தேர்ந்தெடுக்க எந்த நியாயமும் இல்லை. பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமும் மாத்திரையும் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பவை. அவை மூக்கை நனைக்கவும் மாட்டா, அடைக்கவும் மாட்டா. அவற்றை எடுக்கும் பெண் மூக்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

அடுத்து வருவது பலருக்கும் புதிதாக இருக்கலாம்: ஈஸ்ட்ரோஜனை நேரடியாக மூக்கிலேயே போடுவது. மூக்குச் சவ்வு கடுமையாக மெலிந்து, பச்சை நிறப் பொருக்குகள் கட்டி, பிறர் அருகில் நிற்க முடியாத அளவு நாற்றம் வீசும் நோயொன்று உண்டு. நோயாளிக்கே அந்த நாற்றம் தெரியாது. பருவமடையும் வயதில் பெண்களுக்கே அதிகம் தொடங்கும் நோய் அது. அதற்கு எண்ணெயில் கரைத்த எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனைச் சொட்டாகவோ தெளிப்பாகவோ விடுவது காது மூக்கு தொண்டைப் பாடநூல்களில் நெடுநாளாக இடம்பெற்றிருக்கும் சிகிச்சை. கார உப்புநீரால் கழுவுவதும் கிளிசரினில் கரைத்த குளுக்கோஸ் சொட்டும் அதனருகிலேயே எழுதப்பட்டிருக்கும். இன்று மருத்துவர்கள் கழுவுதலையே முதலில் வைக்கிறார்கள்.

பரம்பரையாக வரும் இரத்தக் குழாய் நோயொன்றில் மூக்கிலிருந்து ஓயாமல் இரத்தம் வடியும். அதற்கும் ஈஸ்ட்ரோஜன் பல ஆண்டுகள் முயற்சிக்கப்பட்டது. 2016-இல் வெளியான ஒரு கவனமான சோதனையில், ஈஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் தெளிப்பான், வேறு இரண்டு மருந்துத் தெளிப்பான்கள், வெறும் உப்புநீர்த் தெளிப்பான் ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. மூன்று மருந்துகளும் உப்புநீரை மிஞ்சவில்லை. இந்த முடிவு அந்த அரிய நோயைப் பற்றியதே என்றாலும், உப்புநீரை அலட்சியமாகப் பார்க்கிறவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது இதைத்தான்.

மூக்கை இலக்காக வைக்காமல் வழியாக மட்டும் வைத்த மருந்தும் ஒன்று இருந்தது. ஏரோடியோல் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கப்பட்ட எஸ்ட்ராடியோல் தெளிப்பானை மூக்கில் அடித்தால், ஹார்மோன் சவ்வின் வழியே உடல் முழுதும் பரவி, சூடேறுதலைக் குறைத்தது. தும்மலும் மூக்குக் குறுகுறுப்பும் நீரொழுக்கும் அதன் தொல்லைகளாக இருந்தன. அது இப்போது விற்பனையில் இல்லை. இணையத்தில் “மூக்குக்கு ஹார்மோன் ஸ்பிரே” என்று யாராவது விற்றால், வாங்க வேண்டாம் என்பதே என் ஒரே பதில். சாதாரண மூக்கு வறட்சிக்கு மூக்கில் ஈஸ்ட்ரோஜன் போடுவதை, மருத்துவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தாலன்றி, ஒரு தெரிவாகவே கொள்ளக் கூடாது.

இளம் பெண்களின் கருத்தடைத் தெரிவுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கருத்தடை மாத்திரை மூக்கை அடைக்கும் என்ற பேச்சு அந்தக் கால மாத்திரையிலிருந்து வந்தது. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்காக அனுமதிக்கப்பட்ட முதல் மாத்திரையான எனோவிட்டில் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனோல் என்ற ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் 20 முதல் 35 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ராடியோலே உள்ளது. இன்றைய மாத்திரையை எடுத்த இளம் பெண்களின் மூக்கை அளந்து பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. ஆகவே, மாத்திரை தொடங்கிய மாதத்தில் மூக்கடைப்பு வந்தால், முதலில் தலையணையையும் வானிலையையும் சந்தேகியுங்கள். கூட்டு மாத்திரை மாதச் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவதால், மாதத்தின் நடுநாட்களில் மட்டும் மூக்கு அடைக்கும் சிலருக்கு அது ஆறுதலாகவும் அமையலாம். மூன்று மாதத்துக்கொரு முறை போடும் புரோஜெஸ்ட்டின் ஊசியும் அந்த ஏற்ற இறக்கத்தை அடக்குகிறது. ஆனால் நீண்டகாலம் தொடர்ந்தால் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதே அதைப் பற்றி யோசிக்க வேண்டிய செய்தி. கருப்பைக்குள் வைக்கும் செப்பு வளையத்தில் ஹார்மோன் இல்லை. சுழற்சி முன்போலவே நடக்கும், மூக்கும் முன்போலவே இருக்கும். இவற்றுள் எதைத் தேர்வதென்பதை இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், வயது, அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்பன தீர்மானிக்கட்டும். அரசு கிளினிக்குகளிலும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் இதற்கு ஆலோசனை கிடைக்கிறது.

இனி ஒருவருக்கொருவர் பொருத்திப் பார்ப்போம். ஐம்பத்திரண்டு வயது, கடும் சூடேறுதல், காய்ந்து பொருக்கு கட்டிய மூக்கு, மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டோ வந்ததில்லை: இவருக்குத் தோல்வழி ஈஸ்ட்ரோஜன் நல்ல தெரிவு, மூக்கின் நன்மை கூடவே வரும் உபரி. அதே வயது, அதே சூடேறுதல், ஆனால் காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போட்டு நீர் கொட்டும் ஒவ்வாமை மூக்கு: ஸ்டீராய்டு தெளிப்பானை நான்கு வாரம் ஒழுங்காக அடித்து, தலையணை உறைகளை 60 பாகை வெந்நீரில் வாரம் ஒருமுறை துவைத்து, மூக்கை அடக்கிய பின் ஹார்மோனைத் தொடங்குவது மேல், அப்படித் தொடங்கினால் பின்னால் வரும் எந்த மாற்றத்துக்கும் காரணம் எதுவென்று பிரித்தறிய முடியும். அறுபத்தைந்து வயது, சூடேறுதல் எப்போதோ நின்றுவிட்டது, மூக்கு மட்டும் வறட்சி: ஹார்மோன் வேண்டவே வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், தமொக்ஸிஃபெனோ லெட்ரோசோலோ எடுப்பவர்: எந்த வடிவ ஈஸ்ட்ரோஜனையும் மூக்கின் பெயரைச் சொல்லித் தொடக் கூடாது, உப்புநீரும் மெல்லிய நல்லெண்ணெய்ப் பூச்சும் அவருக்குப் போதும், போதவில்லையென்றால் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

இவை எதிலும் சேராத சில அறிகுறிகள் உள்ளன. ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருப்பது, காறித் துப்பும் சளியில் இரத்தம், ஒரு காது மட்டும் மந்தமாவது, கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவை மூக்குத் தொண்டைப் புற்றுநோயின் அடையாளங்களாக இருக்கக்கூடும். மலேசியாவில் அந்நோய் சீனர்களிடமும் ஆண்களிடமும் அதிகம் என்பதால், தமிழ்ப் பெண்கள் தங்களுக்கு வராதென்று இருந்துவிடக் கூடாது. இவற்றுள் ஒன்று தெரிந்தாலும், ஹார்மோனைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

ஹார்மோனைத் தொடங்க முடிவு செய்தவர்கள், முதல் மாத்திரைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மூக்கு எப்படி இருந்தது என்பதை நாட்காட்டியில் ஒரு வரி எழுதி வைத்தால், மூன்றாம் மாத மறுபரிசோதனையில் மருத்துவருக்கு அது மிகவும் உதவும். வறட்சியா, அடைப்பா, எந்தப் பக்கம், காலையா இரவா, புகைமூட்டம் இருந்த நாளா, வேறு என்ன மூக்கு மருந்து போட்டீர்கள் என்ற அளவு போதும். அந்த இடைக்காலத்தில் மூக்கடைப்பு கூடினால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், உப்புநீரும் ஸ்டீராய்டு தெளிப்பானும் கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம். அதன் பின்னும் அடங்காவிட்டால் அளவைக் குறைப்பதைப் பற்றியோ மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறுவதைப் பற்றியோ எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசலாம். பையில் இருக்கும் எல்லாக் குப்பிகளையும், கடையில் சொந்தமாக வாங்கியவை உட்பட, அன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள்.